விவேக் சார் பேரில் வைத்த கன்றுகள்: உங்கள் ஊரில் எத்தனை மிச்சம்?

காரிமங்கலம் வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதை விவசாயப் பகுதியில் போடுவதா, சினிமா பகுதியில் போடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். ஒரு நடிகரைப் பற்றிய பேச்சு என்பதால் இங்கேயே போடுகிறேன்.

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. விடியற்காலையில் விவேக் சார் காலமானார் என்று செய்தி வந்தது. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம், பள்ளிக்குப் பிள்ளைகள் வரவில்லை. நாள் பூராவும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் இறுதி ஊர்வலத்தில் ஜனங்கள் கையில் மரக்கன்றோடு நடந்ததைக் காட்டினார்கள். எத்தனையோ நடிகர் சாவு பார்த்திருக்கிறோம். மாலையும் பட்டாசும்தான் பார்த்திருக்கிறோம். கன்றோடு வந்த கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே சக ஆசிரியர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளியின் பின்சுவர் ஓரமாக 33 கன்று வைத்தோம். அவர் 33 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தார் என்பதால் அந்தக் கணக்கு. வேம்பு, புங்கன், நாவல், நெல்லி கலந்து வைத்தோம். அதியமான் சீமையில் இருந்துகொண்டு நெல்லி வைக்காமல் முடியுமா?

போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன். 11 இருக்கிறது. 22 போய்விட்டது. அவர் பேரைச் சொல்லி வைத்துவிட்டு மூன்றில் இரண்டு பங்கைச் சாகவிட்டிருக்கிறோம் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நம்மைப் போல நிறையப் பேர் வைத்தார்கள். உங்கள் கன்றெல்லாம் என்ன ஆயிற்று? நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் எழுதுங்கள்.

---

ஊத்தங்கரை நர்சரி எழுதியது:

சார், 33-ல் 11 பிழைத்ததே பெரிய விஷயம். நீங்கள் வைத்தது சித்திரை மாசம் 4-ஆம் தேதி. நம்ம மாவட்டத்துச் சித்திரை வெயில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை அந்த வெயிலில் கொண்டுபோய் நட்டால் வேர் பிடிக்கும் முன்னே இலை கருகிவிடும்.

அந்த வாரம் என் நர்சரியில் கன்று வாங்க வந்த ஆட்களை நான் மறக்க மாட்டேன். முன்னே பின்னே செடி வாங்கியே பழக்கமில்லாதவர்கள். பைக்கில் வந்து, "விவேக் சாருக்கு வைக்கணும்ணா, எதுனா ஒண்ணு குடுங்க" என்று நின்ற காலேஜ் பையன்கள். "இப்ப நடாதீங்க தம்பி, வீட்டு நிழல்ல வச்சு ஒருவேளை தண்ணி ஊத்துங்க, ஆடியில மழை விழுந்ததும் நடலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். துக்கத்தில் வந்து நிற்கிறவனிடம் மூன்று மாசம் பொறு என்று சொல்ல வாய் வருவதில்லை. ஆனாலும் சொன்னேன். பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்ட பாதியில் ஒருவன் இந்த வருஷம் மறுபடி வந்தான். அவன் வாங்கிப்போன புங்கன் இப்போது அவன் வீட்டு ஓட்டைத் தாண்டிவிட்டதாம். போட்டோ காட்டினான்.

---

தகடூர்77 எழுதியது:

யார் மனதையும் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் வாத்தியார் சொன்ன கணக்கிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. 33 லட்சம் என்பது வைத்த கணக்கு. அதில் மரமானது எத்தனை? நம் ஊரில் வருஷா வருஷம் அதே குழியில் கன்று நடுகிறார்கள், அதே பேனர், அதே போட்டோ. ஒரு நடிகர் வந்தால் கூட்டம் வரும், கேமரா வரும். அவர் கார் கிளம்பிய பிறகு தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள்? திரையில் நல்லவராக இருப்பது சம்பளம் வாங்குகிற வேலை. திரைக்கு வெளியே நல்லவர் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு அளவுகோல் வேண்டும் இல்லையா?

---

காரிமங்கலம் வாத்தியார் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான், நண்பரே. என் 22 கன்றைப் பற்றி நான் இங்கே வந்து புலம்புவதும் அதனால்தான்.

நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். 1987-ல் பாலசந்தர் அறிமுகப்படுத்தி, நகைச்சுவையில் ஒரு உச்சிக்குப் போய், 2009-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அந்த இடத்துக்குப் போன ஒருவர் ஜனங்களிடம் எது கேட்டாலும் கிடைக்கும். அவர் தேர்தலில் நிற்கவில்லை, ஓட்டு கேட்கவில்லை. கலாம் ஐயா கேட்டுக்கொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கோடி மரம் என்று தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாக அலைந்தார். இத்தனை வருஷமாக ஒரே விஷயத்தைச் சலிக்காமல் கேட்டார். கலாம் ஐயா 2015-ல் போன பிறகும் அதை விடவில்லை. கேட்டவரே இல்லை, இனி எதற்கு என்று நிறுத்தியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். என் அளவுகோல் அந்தப் பிடிவாதம்தான்.

---

பாலக்கோடு தக்காளி லாரி எழுதியது:

அண்ணா, நான் எழுதுறதுல தப்பு இருந்தா மன்னிச்சிக்குங்க, போன்லயே பேசிப் போடறேன்.

நான் 22 வருசமா ஸ்டேரிங் புடிக்கிறவன். விவேக் அண்ணன் காமெடி இல்லாம ராத்திரி லோடு ஓடுனதே கெடையாது. தூக்கம் வந்தா அவரு குரலப் போட்டுவுட்டுருவோம். அதனால எனக்கு அவரு சொந்தக்காரரு மாதிரி.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. சேலத்துல இருந்து பெங்களூர் வரைக்கும் ரோட்டு ரெண்டு பக்கமும் புளியமரம் இருந்த காலத்துல நான் கிளீனரா ஏறுனவன். மத்தியானம் வண்டிய ஓரங்கட்டி மரத்தடியில சோறு தின்னுட்டு ஒரு தூக்கம் போடுவோம். ரோட்ட அகலம் பண்ணுனாங்க, மரம் பூராவும் போச்சு. ரோடு நல்லாத்தான் இருக்குது, இல்லன்னு சொல்லல. இப்ப மத்தியானம் வண்டிய நிறுத்துனா நெழலுன்னு பாத்தா லாரி நெழலுதான், அடியில பூந்து படுக்கணும். அப்பிடிப் படுத்து செத்தவனும் இருக்கான்.

விவேக் அண்ணன் செத்த அன்னிக்கு நான் லோடோட பெங்களூர்ல இருந்தேன். திரும்பி வந்து ராயக்கோட்டை ரோட்டுல நாங்க டீ குடிக்கிற கடைக்குப் பக்கத்துல ஒரு வேப்பங்கன்னு வச்சேன். சுத்தி பழைய லாரி டயர் ஒண்ணப் போட்டேன், தண்ணி ஓடாம நிக்கும். மேல முள்ளு வச்சு கட்டுனேன், ஆட்டுக்கு. போறப்ப ஒரு கேன், வர்றப்ப ஒரு கேன். நான் இல்லாத நாளு கடைக்கார அம்மா கிளாஸ் கழுவுற தண்ணிய ஊத்தும். சக்கரைத் தண்ணி ஊத்தி எறும்பு வந்துச்சுன்னு ஒரு தடவ சண்ட கூட போட்டேன். இப்ப அதுக்கு கீழ ரெண்டு பெஞ்சு போட்டுருக்காங்க. ஒண்ணுதான் வச்சேன். ஒண்ணும் இருக்குது.

---

ஊத்தங்கரை நர்சரி எழுதியது:

லாரி அண்ணா சொன்ன டயர் யோசனை நல்ல யோசனை. ஒரே ஒரு திருத்தம்: தண்டு பருக்கும் முன்னால் டயரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பெஞ்சு போடுகிற அளவு மரம் என்றால் இப்போதே பாருங்கள்.

---

பர்கூர் சிஸ்டர் எழுதியது:

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். மரம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அவரைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அந்த ஏப்ரல் மாதம்தான்.

2021 ஏப்ரல் 15 அன்று விவேக் சார் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அவருக்கு இருந்த வசதிக்கு எந்தத் தனியார் மருத்துவமனையிலும் போட்டிருக்கலாம். ஏழைகள் வருகிற இடம் அரசு மருத்துவமனை, அங்கே நான் போட்டுக்கொண்டால்தான் ஜனங்களுக்குப் பயம் போகும் என்று போனார். அன்று சாயங்காலம் அதை டிவியில் பார்த்து எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாங்கள் மாந்தோப்பு மாந்தோப்பாகப் போய், கிராமம் கிராமமாகப் போய்த் தொண்டை வற்றப் பேசியும் நகராத ஜனம், "விவேக்கே போட்டுக்கிட்டாராமே" என்று மறுநாள் காலையில் வந்து வரிசையில் நின்றது. 16-ஆம் தேதி காலை அது.

அன்று மதியத்துக்குள் அவருக்கு மாரடைப்பு என்று செய்தி. மறுநாள் அவர் இல்லை.

இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். பிறகு மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆய்வு செய்து அதையேதான் சொன்னது. ஆனால் வதந்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. நாங்கள் போனால் கதவைச் சாத்தினார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசனக் கொன்னுட்டீங்களேம்மா" என்று அழுதார். நான் என்ன சொல்வேன்? நானும் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, அடைப்பு என்றால் என்ன என்று படம் வரைந்து காட்டினேன். வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா பாட்டி என்று கேட்டேன். அவருக்குப் புரிந்தது. இரண்டு வாரம் கழித்து மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டார்.

இன்றைக்கும் சிலர் அந்த வதந்தியைப் பேசுகிறார்கள். தயவுசெய்து இந்த இழையில் யாரும் அதைக் கிளப்ப வேண்டாம். அவர் ஜனங்களுக்காகக் கடைசியாகச் செய்த காரியம் அது. அதை அவருடைய சாவுக்குக் காரணமாக்குவது அவருக்கு நாம் செய்கிற அநியாயம்.

---

தகடூர்77 எழுதியது:

சிஸ்டர், நான் அளவுகோல் கேட்டவன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பா அந்த மே மாதம் ஊசி போடாமலேயே கொரோனாவில் போனார். பயம்தான் காரணம். அவர் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

---

பர்கூர் சிஸ்டர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா மாதிரி நிறைய முகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயந்தது அவர்கள் தப்பு இல்லை. இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

---

அரூர் கேப்டன் தம்பி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் விஜயகாந்த் ஐயாவின் ரசிகன். 2023 டிசம்பர் 28 அன்று நாங்களும் இதே மாதிரி நொறுங்கிப் போனவர்கள்தான்.

மனசில் பட்டதைச் சொல்கிறேன். கேப்டன் படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுவேதான் லைட்டு தூக்குகிறவருக்கும் என்று நின்றவர். சினிமா வாய்ப்பு தேடி வந்தவனுக்கெல்லாம் அவர் ஆபீஸில் இலை போட்டார். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியா, சிங்கப்பூரில் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். பசியில் இருப்பவனிடம் மரம் வை என்று சொல்ல முடியாது, முதலில் சோறு. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய மனசு. விவேக் சாரைக் குறைத்துச் சொல்லவில்லை.

---

ஓசூர் தேவகி எழுதியது:

கேப்டன் தம்பி, இதில் பெரிது சிறிது பார்க்க வேண்டாமே. அவர் போட்ட இலை அன்றைக்குப் பசித்தவனுக்கு. இவர் வைத்த கன்று இன்னும் பிறக்காத பிள்ளைக்கு. இரண்டு பேருமே எதிரில் நிற்கிறவனிடம் நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நான் இங்கே எழுத வந்த காரணம் வேறு. விவேக் சார் 2015-ல் தன் மகனைப் பறிகொடுத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அதே வருஷம் ஜூலையில்தான் கலாம் ஐயாவும் போனார். சில மாதத்துக்குள் குருவும் பிள்ளையும். நானும் பிள்ளையைக் கொடுத்தவள். எப்போது, எப்படி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த நிலைமையில் எழுந்து முகம் கழுவுவதே எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து, வெளியே வந்து, மறுபடியும் ஊரார் பிள்ளைகள் நடுவில் நின்று மண்வெட்டி பிடித்தார். அவன் வயசுப் பிள்ளைகள் நூறு பேர் யூனிஃபார்மில் வரிசையாக நிற்கும்போது அவர் கண் எங்கே போயிருக்கும்? அதை யோசித்துத்தான் நான் அவருக்கு ரசிகை ஆனேன். அவர் காமெடி நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் கார்ப்பரேஷன் பார்க் ஓரம் ஒரு நாவல் வைத்தேன். இன்னும் காய்க்கவில்லை. தினமும் ஒரு குடம். அந்தக் குடம்தான் என்னைக் காலையில் எழுப்புகிறது.

---

அரூர் கேப்டன் தம்பி எழுதியது:

அம்மா, மன்னிச்சிடுங்க. நாவல் காய்க்கும்போது சொல்லுங்க, அரூரிலிருந்து நான் வருகிறேன்.

---

காரிமங்கலம் வாத்தியார் எழுதியது:

இரண்டு நாளாக எல்லாருடைய பதிவையும் படித்துவிட்டு இன்று பள்ளியில் பின்சுவர்ப் பக்கம் மறுபடி போய் நின்றேன். பிழைத்த 11 எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். ஒன்பது, பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில். மற்ற இரண்டும் வாட்ச்மேன் படுக்கிற திண்ணைக்கு எதிரே. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்த பிறகுதான் அந்தக் குழாயில் தண்ணீர் புழங்க ஆரம்பித்தது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக் குடம் தூக்கினோம், ஊரடங்கில் அதுவும் விட்டுப்போனது. மனுஷன் புழங்குகிற இடத்தில் வைத்தது பிழைத்திருக்கிறது. சுவர் ஓரம் வரிசை அழகாக இருக்கும் என்று வைத்ததெல்லாம் போயிருக்கிறது.

நம் மாவட்டத்தில் தண்ணீர் என்பது சாதாரணச் சங்கதி இல்லை. ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் கறையேறிய தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் பிள்ளைகள் வாய் திறந்து சிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது. தட்டு கழுவின தண்ணீர், கை கழுவின தண்ணீர், அதுதான் கணக்கு.

போன 22-க்கும் பதில் வைக்கப்போகிறேன். வருகிற ஏப்ரல் 17 நினைவுநாளில் வைக்கலாம் என்று இருந்தேன். நர்சரி அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு யோசனையாக இருக்கிறது.

---

ஊத்தங்கரை நர்சரி எழுதியது:

ஏப்ரல் வேண்டவே வேண்டாம் சார். அவர் பிறந்த நாள் எது என்று பாருங்கள். நவம்பர் 19. ஐப்பசி மழை மண்ணுக்குள் இறங்கி, கார்த்திகை பிறந்திருக்கும். கன்று நட அதைவிட நல்ல நாளை நான் சொல்ல முடியாது.

இன்னொன்று. குழியை நடுகிற அன்று எடுக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. ஒரு மாசம் முன்னாலேயே எடுத்து ஆறப்போட வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் குழியின் சூடு தணியும். அப்புறம் மேல்மண், மக்கின தொழுவுரம், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு போட்டு மூடி வைக்கலாம். நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து எடுக்க மறக்காதீர்கள். கிழிக்காமல் அப்படியே புதைத்துவிட்டு, செத்துப்போச்சு என்று என்னிடம் வந்து சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

---

தகடூர்77 எழுதியது:

நவம்பர் 19-க்கு ஒரு மாதம் முன்னால் என்றால் அக்டோபர் 15 கலாம் ஐயா பிறந்தநாள் வருகிறது. குழியை அன்றைக்கு எடுக்கலாமே. கேட்டவர் பிறந்தநாளில் குழி, செய்தவர் பிறந்தநாளில் கன்று.

நான் தருமபுரி டவுன்தான். காரிமங்கலம் பக்கம்தானே, வருகிறேன். எங்கள் அப்பா பேரில் ஒரு குழி எனக்கு வேண்டும்.

---

பாலக்கோடு தக்காளி லாரி எழுதியது:

22 பழைய டயர் நான் கொண்டாறேன் வாத்தியாரண்ணா. எங்க செட்ல சும்மாதான் கெடக்குது. பெருசானதும் எடுக்கோணும்னு நர்சரி அண்ணன் சொன்னத ஞாபகம் வச்சிருக்கேன், என்னுதையும் நேத்தே அறுத்து எடுத்துட்டேன்.

---

பர்கூர் சிஸ்டர் எழுதியது:

அக்டோபர் 15 புதன்கிழமை, எனக்கு டியூட்டி. நவம்பர் 19-ம் புதன்தான், அன்றைக்கு விடுப்பு சொல்லிவிடுகிறேன். ஒரு நெல்லி எனக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தப் பாட்டியைக் கேட்டேன், அவரும் வருகிறேன் என்கிறார். நடக்க முடியாது, ஆட்டோவில்தான் கூட்டி வர வேண்டும்.

---

காரிமங்கலம் வாத்தியார் எழுதியது:

பாட்டிக்கு நாற்காலி போட்டுவிடுகிறேன் சிஸ்டர், குழாய்க்குப் பக்கத்திலேயே.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். இந்தத் தடவை சுவர் ஓரம் இல்லை, தட்டு கழுவுகிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாகவே இரண்டு வரிசை. எந்தக் கன்றுக்கு எந்தப் பிள்ளை பொறுப்பு என்று ஆறாம் வகுப்பில் பேர் எழுதி வாங்கியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு என்றால் எட்டு முடிகிற வரை மூன்று வருஷம் அவர்கள் கண்ணெதிரில் இருக்கும்.

அக்டோபர் 15 காலை 6 மணி. பிரேயருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். மண் இறுகிக் கிடக்கிறது, குறைந்தது நான்கு கடப்பாரையாவது வேண்டும். பள்ளியில் இருப்பது ஒன்றுதான். யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.

---

தகடூர்77 எழுதியது:

என்னிடம் இரண்டு இருக்கிறது. அப்பாவுடையது.